சூடாறாப்பெட்டி

2025 ஜூலையில் ஒரு நாள் காலை சாலைக் கடைவீதிக்குப் போயிருந்தேன். வாடிக்கைக் கடையில் தேங்காய் எண்ணெய் விலை கேட்டபோது லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. கடைக்காரர் தென்காசிப் பக்கத்து அண்ணாச்சி. "இன்னைக்குக் கேட்டுட்டுப் போறவங்கதாம்மா அதிகம்" என்று சிரித்தார். நான் கால் லிட்டர் வாங்கிக்கொண்டு திரும்பினேன். எண்ணெய் இல்லாமல் அவியல் இறக்கினால் என் பிள்ளைகள் அதை அவியல் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த அளவுக்கு இந்த ஊர்க்காரர்கள் ஆகிவிட்டார்கள்!

அன்று எனக்குப் பதற்றம் இல்லை. 2022-இல் இருந்தது. அந்த வருடம்தான் சமையல் சிலிண்டர் ஆயிரம் ரூபாயைத் தாண்டியது. என் கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதும் வேலை. கொரோனாவுக்குப் பின் சம்பளம் குறைந்தது பழையபடி ஏறவில்லை. வீட்டில் ஐந்து பேர். அம்பாசமுத்திரத்திலிருந்து கரமனைக்குக் குடிவந்து இருபது வருடத்துக்கு மேலாகியும், மாதக் கடைசியில் நகைப்பெட்டியைத் திறந்து பார்த்தது அப்போதுதான்.

அந்தச் சமயத்தில் நான் இரண்டு தவறுகள் செய்தேன். நம்மவர் வீடுகளில் வேறு யாரும் அவற்றைச் செய்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

முதல் தவறு இண்டக்ஷன் அடுப்பு. காஸை மிச்சம் பிடிக்கலாம் என்று தவணையில் வாங்கினேன். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் அதில்தான். ஊரில் 100 யூனிட் இலவசம் என்று பழகிய மனசு. இங்கே கணக்கு வேறு என்பதை நான் யோசிக்கவில்லை. கேரளத்தில் வீட்டு மின்சாரம் மாதம் 250 யூனிட் வரை படிப்படியாகக் கணக்கிடப்படுகிறது. முதல் ஐம்பதுக்கு ஒரு விலை, அடுத்த ஐம்பதுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு விலை என்று போகும். 250-ஐத் தாண்டிவிட்டாலோ படிக்கட்டே கிடையாது. முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும் உயர்ந்த ஒரே விலை. ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் நமக்கு எல்லைக்கோடு 500. நாங்கள் 470-இல் இருந்தவர்கள், புது அடுப்பால் 540-க்குப் போனோம். காஸில் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு பில்லில் போயிற்று. மாதம் 150 யூனிட்டுக்குள் இருக்கும் சிறு குடும்பத்துக்கு இண்டக்ஷன் லாபமாக இருக்கலாம். பழைய பில்லை எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

இரண்டாவது தவறைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. நான் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டேன். ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் மிச்சம் இருப்பதை நான் சாப்பிடுவது எங்கள் வீட்டு வழக்கம். ஆகையால் மிச்சமே இல்லாவிட்டாலும் யார் கண்ணிலும் படாது. முட்டையும் மீனும் பிள்ளைகளுக்கு, பருப்பு இவருக்கும் மாமனாருக்கும், எனக்கு ரசமும் வேகவைத்த மரச்சீனிக் கிழங்கும். ஏழெட்டு மாதம் இப்படி ஓடிற்று. ஒரு நாள் மாடிப்படி ஏறும்போது கண் இருட்டி உட்கார்ந்துவிட்டேன். ரத்தம் பரிசோதித்ததில் ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே. டாக்டரம்மா, "வீட்டில் எல்லாரும் என்ன சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். "நான் எல்லாரையும் கேட்டேன், நீங்கள் உங்களை விட்டுவிட்டீர்களே" என்றார். மருந்துக்கும் பரிசோதனைக்கும் ஆன செலவு, நான் சாப்பிடாமல் மிச்சம் பிடித்ததைவிட அதிகம். இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

எங்களுக்கு வழி காட்டியவர் அடுத்த வீட்டுச் சேச்சி. பரணிலிருந்து ஒரு பழைய மரப்பெட்டியை இறக்கிக் கொடுத்தார். உள்ளே தெர்மாகோல் பதித்து, நடுவில் பானை உட்காரும் அளவுக்குக் குழி. மலையாளத்தில் இதற்குச் சூடாறாப்பெட்டி என்று பெயர். தமிழ்ப் பெயரும் அதுதானே! கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் 1980-களில் புகையில்லாத பரிஷத் அடுப்பைப் பரப்பியபோது இதையும் வீடு வீடாகக் கொண்டுபோனது. உலகப் போர்க் காலங்களில் ஐரோப்பாவில் எரிபொருள் தட்டுப்பட்டபோது, இதையே வைக்கோல் அடைத்த பெட்டியாகச் செய்து சமைத்திருக்கிறார்கள். இப்போது கடைகளில் எவர்சில்வரில் 'தெர்மல் குக்கர்' என்று விற்பதும் இதே சங்கதிதான்.

விஷயம் எளிது. தண்ணீர் கொதிக்கத் தொடங்கியபின் எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பானையில் அதன் சூடு 100 டிகிரிக்கு மேல் ஏறாது. மேற்கொண்டு எரிகிற காஸ் ஆவியாகப் போகிறது. அரிசி வேக அந்தச் சூடு குறையாமல் இருந்தாலே போதும். இந்த ஊர் மட்டை அரிசி திறந்த பானையில் வேக முக்கால் மணி நேரம் ஆகும். நான் அரை மணி ஊறவைத்து, மூடிபோட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடியைத் திறக்காமல் பெட்டிக்குள் இறக்கிவிடுகிறேன். ஒன்றரை மணி நேரம் கழித்து எடுத்து, வேகாதிருந்தால் ஒரு கொதி, பிறகு வடிப்பது. பிரஷர் குக்கரில் ஏன் வைக்கக் கூடாது என்று கேட்பீர்கள். மட்டை அரிசி அதில் குழைந்துவிடுகிறது. வடித்த கஞ்சியும் கிடைப்பதில்லை. பருப்புக்குக் குக்கரேதான்.

பானை முக்கால் பங்காவது நிறைய வேண்டும். குறைந்த அளவு சீக்கிரம் ஆறிவிடும். வெந்த சோற்றை இராத்திரி முழுக்கப் பெட்டியிலேயே விட்டால் இளஞ்சூட்டில் கெட்டுப்போகும். ராஜ்மாவை அடுப்பில் நன்றாகக் கொதிக்கவிடாமல் இதில் வைக்கவே கூடாது; அரைவேக்காட்டில் அது வயிற்றைக் கெடுக்கும். பெட்டி செய்ய ஆசாரியெல்லாம் வேண்டாம். கெட்டியான அட்டைப்பெட்டியும் பழைய பருத்திப் புடவைகளும் இருந்தால் ஒரு மத்தியானத்தில் செய்துவிடலாம். எங்கள் சிலிண்டர் முன்பு 30 நாள் வந்தது, இப்போது 40 நாளைத் தாண்டுகிறது.

காஸில் மிஞ்சிய பணம் பயறுக்குப் போகிறது. கஞ்சியும் சிறுபயறும் இங்கே ஏழை வீட்டிலும் உண்டு, பெரிய வீட்டிலும் உண்டு. நம் வீடுகளில்தான் கஞ்சி என்றால் காய்ச்சல்காரர் சாப்பாடு என்று முகம் சுளிக்கிறார்கள். வாரம் மூன்று இரவு எங்களுக்கு அதுதான், சுட்ட மிளகாய்ச் சம்மந்தியோடு. மரச்சீனியை நான் கைவிடவில்லை. ஆனால் தனியாக வைப்பதில்லை, பயறோ மீனோ கூட இருக்க வேண்டும். அது வெறும் மாவுச்சத்து என்பதை என் உடம்பே எனக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. திறந்த பானையில் நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். அதில் நஞ்சு இறங்கும்.

ஆனாலும் அந்தக் கிழங்கைப் பழிக்க மனம் வராது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் சாகுபடியைப் பரப்பினார். 1942-இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூர் மக்களின் உயிரைப் பிடித்து வைத்ததில் மரச்சீனிக்குப் பெரும் பங்கு உண்டு. நெற்களஞ்சியமான நாஞ்சில் நாடும் 1956 நவம்பர் 1-இல் தமிழகத்தோடு போய்விட்டது. இன்றும் இங்கே சாப்பிடுகிற ஜெயா அரிசி ஆந்திராவிலிருந்து வருகிறது; காய்கறியில் பெரும்பங்கு காவல்கிணறு, வடசேரி வழியாக நம் ஊர்ப் பக்கத்திலிருந்து வருகிறது. அங்கே மழை கொட்டினால் இங்கே கத்தரிக்காய் விலை ஏறும். அப்படிப்பட்ட வாரங்களில் நான் கத்தரிக்காயைத் தொடுவதில்லை. மார்ச்சிலிருந்து ஜூன் வரை பலாக்காயும் அதன் கொட்டையும், பிறகு சேனை, வாழைப்பூ. வாசல் முருங்கையை மறக்க முடியுமா? கர்க்கடக மாதத்தில் இவ்வூரார் முருங்கைக்கீரை சமைப்பதில்லை. அந்த மாதம் சேச்சி வீட்டு மரத்துக் கீரையும் எனக்கே!

சப்ளைகோவின் மாவேலிக் கடைகளில் பயறு, பருப்பு, மிளகாய் உட்பட 13 சாமான்களுக்கு மானியம் உண்டு. 2016 முதல் மாறாதிருந்த விலைகள் 2024 பிப்ரவரியில் உயர்ந்துவிட்டன. ஆனாலும் வெளிக்கடையைவிட மலிவுதான். அதற்குக் கேரள ரேஷன் கார்டு வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர்களும் குடியிருப்புச் சான்றோடு விண்ணப்பிக்கலாம். ஊர்க் கார்டிலிருந்து பெயரை நீக்க வேண்டும் என்பதுதான் நமக்குக் கஷ்டம். ஊர் இலவச அரிசியை விடவும் மனமில்லை, அதை வாங்க மாதாமாதம் அம்பாசமுத்திரம் போகவும் முடியாது. நாங்கள் இதில் ஆறு வருடம் வீணாக்கினோம்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் பெட்டிக்குள் பானையை வைக்கிறேன். ஏழரைக்கு மூடியைத் திறப்பது என் மகளின் வேலை. தட்டு ஐந்தையும் அவளே போட்டு, முதலில் என் தட்டில் பரிமாறுகிறாள். நான் உட்காரும்வரை மற்றவர்கள் கை நனைப்பதில்லை.