தில்லிக்கு வழி தேடிய எல்லைக் கிராமங்கள்

புதுதில்லி: நாடாளுமன்ற வளாகத்தில் வட்ட வடிவில் நிற்கும் பழைய கட்டடம் 1927-ம் ஆண்டு ஜனவரி 18-ம் தேதி திறக்கப்பட்டது. மத்திய சட்டப்பேரவை அதில் கூடியபோது, சென்னை மாகாணத்தில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட தமிழர்களும் உறுப்பினர்களாக அமர்ந்திருந்தனர். ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, வள்ளியூரிலோ பணகுடியிலோ போதிய வரி செலுத்திய நிலக்கிழாருக்கு அப் பேரவைக்கு வாக்களிக்கும் உரிமை இருந்தது. கணவாய்க்கு மேற்கே நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று நீளும் ஊர்களில் எத்தனை ஏக்கர் நிலம் வைத்திருந்தவருக்கும் அந்த உரிமை இல்லை.

காரணம் எளிது. இவை திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் ஊர்கள். 1919-ம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தின்படி 1921-ல் அமைந்த மத்திய சட்டப்பேரவையில் 145 இடங்கள் இருந்தன. அவற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை தேர்தல் மூலம் நிரப்பப்பட்டவை. ஆனால் ஓர் இடம்கூட சமஸ்தான மக்களுக்கு ஒதுக்கப்படவில்லை. அது மட்டுமல்ல, சமஸ்தானங்களின் உள் விவகாரம் குறித்து அவையில் கேள்வி எழுப்பவும் விதிகள் இடம் தரவில்லை. எஸ். சீனிவாச ஐயங்காரும் பின்னர் எஸ். சத்தியமூர்த்தியும் ஆங்கிலேய அரசை அந்த அவையில் திணற வைத்தது உண்மை. ஆயினும் பாறசாலைப் பனையேறியின் குறையைச் சொல்ல நினைத்திருந்தால், அவையின் விதியே அவர்களைத் தடுத்திருக்கும்.

1933-ல் அப் பேரவையின் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர் கோவை ஆர்.கே. சண்முகம் செட்டியார். அடுத்த தேர்தலில் தோற்றபின் அவர் 1935-ல் கொச்சி சமஸ்தானத்தின் திவானாகச் சென்றார். மறு ஆண்டு திருவிதாங்கூரின் திவானாகப் பொறுப்பேற்றவர் சர் சி.பி. ராமசுவாமி ஐயர். இரு சமஸ்தானங்களின் நிர்வாகமும் தமிழர் கையில். ஆனால் அங்கு வாழ்ந்த தமிழ்க் குடிமகனுக்கு தில்லியில் ஒரு பிரதிநிதி இல்லை. அக் கால அரசியலின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

ஆண்டுக்கு ஒரு முறை கூடிய சபை: திருவிதாங்கூரில் மக்கள் அவையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1888-லேயே அங்கு சட்டமன்றக் குழு ஒன்று அமைக்கப்பட்டது; எட்டே உறுப்பினர்கள், பெரும்பாலோர் அதிகாரிகள். 1904-ல் ஸ்ரீமூலம் பிரஜா சபை தொடங்கப்பட்டது. 1905 மே மாதம் வெளியான விதிகளின்படி அதன் 100 உறுப்பினர்களில் 77 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 23 பேர் நியமிக்கப்பட்டனர். ஆண்டுக்கு 50 ரூபாய்க்குக் குறையாமல் நிலவரி செலுத்துவோர், 2,000 ரூபாய்க்குக் குறையாத நிகர வருமானம் உடையோர், பட்டம் பெற்றுப் பத்தாண்டு கழிந்தோர் ஆகியோருக்கே வாக்குரிமை. பனையேறியும் கயிறு திரித்தும் பிழைத்த எல்லைக் கிராம மக்களில் எத்தனை பேர் இந்த வரம்புக்குள் வந்திருக்க முடியும் என்பதை ஊகிப்பது கடினமல்ல.

சபைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரமும் கிடையாது. உறுப்பினர்கள் தங்கள் தாலுகாவின் குறைகளைத் திவான் முன் எடுத்துரைக்கலாம். அவர் பதில் கூறுவார். அவ்வளவே. எனினும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் இருந்தனர். நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் உள்ள வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி 1911 டிசம்பரில் சபைக்கு நியமிக்கப்பட்டார். பொதுச் சாலையில் மாட்டு வண்டி ஓட்டிச் சென்று தீண்டாமையை எதிர்த்த அவர், சபையில் தம் மக்களுக்கு நிலமும் பள்ளிக்கூட அனுமதியும் கேட்டார். அவர் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். அவருக்கு வாக்களித்திருக்கக் கூடியவர்களுக்கு அப்போது வாக்கே இல்லை என்பதுதான் காரணம்.

பொறுப்பாட்சி கேட்டு 1938-ல் திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸ் போராடியபோது நெய்யாற்றின்கரை ரத்தம் சிந்தியது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 31-ம் தேதி அங்கு கூடிய மக்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டது. வீரராகவன் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். இதே காலத்தில் தில்லியில் வேறொரு திட்டம் பேசப்பட்டு வந்தது. 1935-ம் ஆண்டுச் சட்டத்தின் கூட்டாட்சி அவையில் 375 இடங்களில் 125 சமஸ்தானங்களுக்கு என ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அவற்றை நிரப்பும் உரிமை மக்களுக்கு அல்ல, மன்னர்களுக்கே. அத் திட்டம் நடைமுறைக்கு வரவே இல்லை.

மனோன்மணீயத்தின் மகன்: திருவிதாங்கூரின் சார்பில் அரசியல் நிர்ணய சபையில் இடம்பெற்றவர்களில் பட்டம் தாணுப்பிள்ளை, ஆர். சங்கர், பி.டி. சாக்கோ, ஆனி மஸ்கரீன் ஆகியோருடன் ஒரு தமிழரும் உண்டு. அவர் பி.எஸ். நடராஜ பிள்ளை. "மனோன்மணீயம்' நாடகத்தை 1891-ல் வெளியிட்ட பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளையின் மகன். தமிழ்த்தாய் வாழ்த்தைப் பாடும் தமிழ்நாட்டில், அதை இயற்றியவரின் மகன் இந்திய அரசியல் சட்டத்தை உருவாக்கிய அவையில் அமர்ந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அவர் நடந்த பாதை எல்லைத் தமிழர் இயக்கத்தின் பாதை அல்ல. பிரஜா சோஷலிஸ்ட் கட்சியில் இருந்த அவர், 1954-ல் பட்டம் தாணுப்பிள்ளை அமைத்த திரு-கொச்சி அமைச்சரவையில் நிதியமைச்சரானார். நிலச் சீர்திருத்தத்துக்கான மசோதாக்களைக் கொண்டுவந்தவரும் அவரே. அந்த ஆட்சியின்போதுதான் 1954 ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தமிழர்கள் மீது போலீசார் சுட்டனர். சொந்தக் கட்சியின் அரசு மக்களைச் சுட்டதா என்று கொதித்த டாக்டர் ராம் மனோகர் லோகியா, தாணுப்பிள்ளை பதவி விலக வேண்டும் என்றார். அவர் விலகவில்லை. கட்சிதான் பின்னர் உடைந்தது.

நடராஜ பிள்ளை 1962-ல் திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக நின்று வென்றார். 1966-ல் மறைந்தார். திருவனந்தபுரம் பேரூர்க்கடையில் உள்ள அரசு மேல்நிலைப் பள்ளி அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

முதல் மக்களவையில் ஒரே குரல்: எல்லைத் தமிழரின் கோரிக்கையைத் தில்லிக்குக் கொண்டுவந்தவர் வேறொருவர். 1951-52 பொதுத் தேர்தலில்தான் பாறசாலை, நெய்யாற்றின்கரை மக்கள் நாடாளுமன்றத்துக்கு முதன்முறையாக வாக்களித்தனர். வரி ரசீது தேவைப்படவில்லை. 21 வயது போதுமானது. அத் தேர்தலில் திருவனந்தபுரத்தில் சுயேச்சையாக ஆனி மஸ்கரீன் வென்றார். நாகர்கோவிலில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் வேட்பாளர் அ. நேசமணி வென்றார். மாநிலங்களவைக்கு அதே கட்சியின் அப்துல் ரசாக் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் 1895-ல் பிறந்த வழக்கறிஞர் நேசமணி, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றுடன் நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் தாலுகாக்களும் தமிழகத்தில் சேர வேண்டும் எனக் கோரிய கட்சியின் தலைவர். திரு-கொச்சியில் 1954 தேர்தலில் 117 இடங்களில் 12-ஐ அக் கட்சி பிடித்தது. தெற்குத் தாலுகாக்களுக்குள் அடங்கிய ஒரு கட்சிக்கு இது சிறிய எண்ணிக்கை அல்ல.

ஃபசல் அலி, ஹிருதயநாத் குன்ஸ்ரு, கே.எம். பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பர் 30-ம் தேதி அறிக்கை அளித்தது. தெற்குத் தாலுகாக்கள் நான்கும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைக்கப்பட்டன. மற்ற நான்கும் மறுக்கப்பட்டன. தேவிகுளம், பீர்மேடு இழப்பு குறித்துத் தமிழகம் நிறையப் பேசியது, பேசியும் வருகிறது. மலைகளும் அணைகளும் தேயிலைத் தோட்டங்களும் இருந்ததால் அந்த இழப்பு கண்ணுக்குத் தெரிந்தது. நெய்யாற்றின்கரை குறித்து அவ்வளவாக யாரும் பேசவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. நெய்யாற்றின்கரை தாலுகாவை முழுமையாக எடுத்துக்கொண்டால் தமிழர் சிறுபான்மையினரே. தாலுகாவை அலகாகக் கொண்டு கணக்குப் பார்த்த ஆணையத்தின் முன் அந்தக் கோரிக்கை நிற்பது கடினம். கிராமத்தை அலகாகக் கொண்டிருந்தால் பாறசாலையைச் சுற்றிய கிராமங்கள் ஒவ்வொன்றாகப் பரிசீலிக்கப்பட்டிருக்கும். இது வெறும் கற்பனை அல்ல. சில ஆண்டுகளிலேயே ஆந்திர எல்லையில் படாஸ்கர் கிராமத்தையே அலகாகக் கொண்டார். மொழிப் பெரும்பான்மை, நிலத்தொடர்ச்சி ஆகியவற்றைப் பார்த்து அவர் அளித்த தீர்வின்படி 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி தமிழகத்துடன் இணைந்தது. வடக்கெல்லைக்கு ஓர் அளவுகோல், தெற்கெல்லைக்கு வேறோர் அளவுகோல். இந்த முரண்பாட்டைத் தமிழகத் தலைவர்கள் தில்லியில் வலுவாக எழுப்பத் தவறினர் என்றே சொல்ல வேண்டும்.

அதே அளவுகோல் மறுபக்கமும் வெட்டியது. விளவங்கோடு தாலுகாவின் மேற்கு ஓரத்தில் மலையாளம் பேசும் மக்கள் கணிசமாக உண்டு. தாலுகா முழுமையாக வந்ததால் அவர்கள் தமிழகத்தவர் ஆயினர். 1956 நவம்பர் 1-ம் தேதி களியக்காவிளைக்கும் பாறசாலைக்கும் இடையே மாநில எல்லை விழுந்தது. இருபுறமும் ஒரே குடும்பங்கள், ஒரே தேவாலயங்கள், ஒரே சந்தை. மணமகள் ஒரு மாநிலம், மணமகன் மறு மாநிலம் என்பது இங்கே செய்தியே அல்ல.

எல்லைக்கு அப்பால் அரசியல்: நேசமணி 1962-லும் 1967-லும் காங்கிரஸ் வேட்பாளராக நாகர்கோவிலில் வென்றார். 1968-ல் அவர் மறைந்ததால் வந்த இடைத்தேர்தலில் 1969-ல் வென்று மக்களவைக்குச் சென்றவர் காமராஜ். நெய்யாற்றின்கரையைச் சேர்ந்த காந்தியவாதி ஜி. ராமச்சந்திரன் 1964-ல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அவரும் மனைவி டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை 1947-ல் நிறுவியவர்கள். சௌந்தரம் 1962-ல் திண்டுக்கல் மக்களவை உறுப்பினர். எல்லைக் கோடு இவர்களுக்குப் பொருட்டாக இருக்கவில்லை.

கேரளத்தில் தங்கிவிட்ட எல்லைக் கிராமங்களில் தமிழ்க் கோரிக்கை படிப்படியாக ஓய்ந்தது. அதன் இடத்தைச் சமுதாயக் கணக்கு பிடித்துக்கொண்டது. திருவனந்தபுரம் தொகுதியில் 1980-ல் ஏ. நீலலோகிததாசன் நாடார் வென்றார். 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களிலும் ஏ. சார்லஸ் வென்றார், 1989-ல் அவரிடம் தோற்றவர் கவிஞர் ஓ.என்.வி. குறுப்பு. சட்டப்பேரவைத் துணைத் தலைவராக என். சுந்தரன் நாடாரும், தலைவராக 2015-ல் என். சக்தனும் இப் பகுதியில் இருந்தே வந்தனர். மொழியைக் கேட்டபோது கிடைக்காத அரசியல் பலம் சமுதாயத்தின் பெயரால் கிடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். நாடார் கிறிஸ்தவர் அனைவருக்கும் இட ஒதுக்கீடு என்று 2021 பிப்ரவரியில், சட்டப்பேரவைத் தேர்தலை ஒட்டிக் கேரள அமைச்சரவை முடிவெடுத்ததும் இந்தக் கணக்கின் தொடர்ச்சியே.

திருவனந்தபுரம் மக்களவைத் தொகுதியின் ஏழு சட்டப்பேரவைப் பகுதிகளில் பாறசாலை, நெய்யாற்றின்கரை, கோவளம் ஆகிய மூன்றும் தெற்கே உள்ளவை. 2014-ல் பாஜக வேட்பாளர் ஓ. ராஜகோபால் மற்ற நான்கு பகுதிகளிலும் முன்னிலை பெற்றார். இந்த மூன்றும் கைகொடுத்ததால் காங்கிரஸின் சசி தரூர் 15,470 வாக்குகளில் தப்பினார். 2024-ல் ராஜீவ் சந்திரசேகருடன் நடந்த போட்டியிலும் நகரப் பகுதிகளில் பின்தங்கிய தரூரைக் கடற்கரையும் இந்தத் தெற்குப் பகுதிகளும்தான் கரை சேர்த்தன, வித்தியாசம் 16,077. நூறாண்டுக்கு முன் தில்லிக்கு ஒருவரையும் அனுப்ப முடியாத கிராமங்கள், தலைநகர் யாரை அனுப்ப வேண்டும் என்பதை இரு முறை முடிவு செய்துள்ளன.

ஆனால் எல்லையின் பழைய கணக்கு ஒன்று தீராமல் கிடந்தது. நெய்யாறு அணையின் இடதுகரைக் கால்வாய் பாறசாலை வட்டாரத்தைக் கடந்து விளவங்கோட்டின் வயல்களுக்கு நீர் கொடுத்து வந்தது. 2004-ல் கேரளம் அதை நிறுத்தியது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடையிலான நதியே அல்ல என்பது கேரளத்தின் வாதம். ஒரே சமஸ்தானத்தின் ஒரே பாசனப் பரப்பாக இருந்தது, கோடு போட்ட பின் எப்படி அண்டை மாநிலத்தின் கோரிக்கை ஆகும் என்பது கன்னியாகுமரி விவசாயிகளின் கேள்வி. தமிழக அரசு 2012-ல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. தில்லியில் திருவனந்தபுரம் உறுப்பினரும் கன்னியாகுமரி உறுப்பினரும் ஒரே அவையில் அமர்ந்திருக்க, தண்ணீர் வழக்கு சாலைக்கு அப்பால், நீதிமன்றத்துக்குப் போனது.