டாஸ்க்பார் நகர மாட்டேங்குதா? அப்டேட்டில் வசதிகளைத் தூக்குவது சரியா?

கம்ப்யூட்டரை அப்டேட் செய்து ஆன் பண்ணினால், பழகின ஆப்ஷனைக் காணோம். எங்கே மாற்றி வைத்திருக்கிறார்கள் என்று தேடினால், அந்த வசதியையே தூக்கிவிட்டார்கள்! விண்டோஸ் 11-க்கு மாறிய பலருக்கு இந்த அனுபவம் உண்டு.

என்னவெல்லாம் போச்சு?

2021 அக்டோபர் 5-ல் விண்டோஸ் 11 வெளியானபோது, டாஸ்க்பாரை மேலேயோ பக்கவாட்டிலோ நகர்த்தும் வசதி அதில் இல்லை. விண்டோஸ் 95 காலத்து வசதி அது. திறந்திருக்கும் ஃபைல்களை டாஸ்க்பாரில் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் ஆப்ஷனும் போனது.

'இதெல்லாம் ஒரு பிரச்னையா?'ன்னு தோணலாம். ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் கணக்குப் பிரிவை நினைத்துப் பாருங்கள். பஞ்சு கொள்முதல், நூல் விற்பனை, சம்பளம் என ஐந்தாறு எக்செல் ஃபைல்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். முன்பு பெயரைப் பார்த்து ஒரே கிளிக். எல்லாம் ஒரே ஐகானுக்குள் போனபிறகு, மவுஸை அதன்மேல் வைத்து, எது எதுன்னு பார்த்து எடுக்கணும். நாளுக்கு நூறு தடவை இதைச் செய்பவருக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

மாவட்ட நீதிமன்றம் உள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் மனு டைப் செய்பவருக்கு வேறு கணக்கு. மனுவின் பக்கம் நீளம். இன்றைய மானிட்டரோ அகலம். டாஸ்க்பார் ஓரமாகப் போனால் கூடுதலாக ஓரிரு வரி கண்ணில் படும்.

மைக்ரோசாஃப்ட் சொன்னது என்ன?

டாஸ்க்பாரை நகர்த்த விரும்புபவர்கள் குறைவு, அதற்கான வேலையோ அதிகம் என்று 2022-ல் விளக்கம் தந்தது. ஆப்ஷன் கூடக்கூட சோதிக்கும் வேலையும் கூடும், உண்மைதான். பிரவுசிங் சென்டரில் ஒருத்தர் எதையோ மாற்றிவைத்துப் போக, அடுத்து வருபவர் திணறுவதும் நடக்கும்.

அதற்காக நீக்கணுமா? புதிதாக வருபவருக்கு எளிமையான திரையைக் கொடுத்துவிட்டு, மாற்றும் வசதியை செட்டிங்ஸுக்குள் வைத்தால் போதுமே! குறைவான பேர் என்றாலும், தினமும் எட்டு மணி நேரம் அதில் உழைப்பவர்கள் அவர்கள்தான்.

2012-ல் விண்டோஸ் 8-ல் ஸ்டார்ட் பட்டனை எடுத்தார்கள். எதிர்ப்பு கிளம்ப, அடுத்த ஆண்டே 8.1-ல் திருப்பி வைத்தார்கள். அப்போது பழைய விண்டோஸ் 7-லேயே இருந்துவிடலாம். இப்போது அப்படி இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

ஃபைல் பெயர் காட்டும் ஆப்ஷன் 2023-லேயே திரும்பிவிட்டது. செட்டிங்ஸ், பெர்சனலைசேஷன், டாஸ்க்பார் என்று போய், 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் 'கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ்' என்பதை 'நெவர்' என மாற்றுங்கள்.