ஊர்ச் சபையும் நாட்டுச் சட்டமும்

குடவோலை என்றதும் உத்திரமேரூர்க் கல்வெட்டை நினைந்து பெருமிதம் கொள்வது நம் வழக்கம். பராந்தக சோழன் காலத்து அக்கல்வெட்டு மற்றொன்றையும் சொல்கிறது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் வீடும் உடையவன் பெயரே குடத்தில் இடப்படும். நிலமும் மனையும் அற்றவனுக்கு ஊராட்சியில் இடமில்லை. ஆயிரம் ஆண்டுகள் கழித்து, ஊவா மலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழர் முன்னும் இதே கதவு சாத்தப்பட்டது.

பதுளை, பசறை, மடுல்சீமை, அப்புத்தளைச் சரிவுகளில் தேயிலை வளர்த்த தொழிலாளர்க்கு லயமும் சொந்தமன்று. அது நின்ற நிலமும் சொந்தமன்று. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபோது, அவருள் பலர் அரசாங்க சபைக்கு வாக்களிக்கும் உரிமை பெற்றனர். ஆயினும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் இந்தியத் தோட்டத் தொழிலாளரைக் கிராமச் சங்கத் தேர்தலிலிருந்து விலக்கியது. சிறிய சபைதானே என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. ஊர் ஏட்டில் அந்நியன் என்று எழுதப்பட்டவனை நாட்டின் ஏட்டிலும் அவ்வாறே எழுதுதல் எளிதன்றோ? 1947இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சார்பில் எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர், பதுளையின் எஸ். எம். சுப்பையா அவருள் ஒருவர். 1948இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர்கள் இடங்களுள் ஒன்றேனும் எஞ்சவில்லை.

இழந்த உரிமை மெல்ல மெல்லவே திரும்பியது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் நாடற்றோர் பலரைப் பிரஜைகளாக்கியது. 1991இல் பிரதேச சபைகளுக்கு முதல் தேர்தல் நடந்தது. தோட்ட மக்கள் தம் உறுப்பினரைத் தேர்ந்தனர். ஆனால் 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களில் சபைப் பணத்தைச் செலவிடத் தடையாக நின்றது. தமக்கு வாக்களித்தோரின் லயத்துப் பாதையைச் செப்பனிடவும் உறுப்பினர்க்கு வழியில்லை. வாக்கை ஏற்கும் சபை வாக்காளன் வாசலுக்கு ஏன் வரக்கூடாது என்ற கேள்வி ஊர்த் தேர்தலால் பிறந்தது. மலையகத்தில் ஓயாது ஒலித்தது. 2018இல் பாராளுமன்றம் அச்சட்டத்தைத் திருத்தியது.

1937இல் ஊரில் விழுந்த அடி நாட்டுரிமை வரை சென்றது. ஊரில் கிடைத்த வாக்கோ நாட்டின் சட்டத்தைத் திருத்த உதவியது. ஆதலின், 2023இல் நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே 6 வரை தள்ளிப் போனதை அற்ப நிகழ்ச்சியாகக் கருதலாகாது.

சட்டம் இப்போது அனுமதிக்கிறது; அனுமதி தானாகப் பாதை போடாது. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களும் மாணவர்களும் தம் சபையின் வரவுசெலவுத் திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கட்டும். லயத்துக்கென ஒதுக்கிய தொகை எவ்வளவு என்று வினவட்டும். சொந்த நிலமும் மனையும் பெரும்பாலோர்க்கு இன்னும் கிட்டவில்லை. அடுத்த சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் அதுவே.