எதிர்நீச்சலும் சராசரி மீனும்

ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் ரொறன்ரோவின் ஹம்பர் நதியில், ஓல்ட் மில் பகுதித் தடுப்பணையைத் தாண்ட முயலும் சால்மன் மீன்களைப் பார்க்கச் சனங்கள் கூடுகிறார்கள. சில மீன்கள் விரைவில் தாண்டிவிடுகின்றன. சில திரும்பத் திரும்ப விழுகின்றன. நமது புலம்பெயர் பேச்சிலும் 'எதிர்நீச்சல்' என்ற சொல் தாராளமாகவே புழங்குகிறது. தாண்டியவர் முயற்சியாளர், தேங்கியவர் சோம்பேறி என்றொரு தீர்ப்பு அதனுள் மறைந்திருக்கிறது. மீன்களைப் பொறுத்தமட்டிலாவது இத்தீர்ப்பு சரிதானா?

இவ்விடயத்தில் அடிப்படையான ஆய்வுகள் கனடாவிலேயே நடந்தன. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எவ்.ஈ.ஜே. ஃபிரை, 1947இல் ஒரு கருத்தை முன்வைத்தார்: ஓய்வில் செலவாகும் ஒக்சிசனுக்கும் உச்ச உழைப்பில் செலவாகும் ஒக்சிசனுக்கும் இடையிலான வேறுபாடே ஒரு மீனின் இயங்கு எல்லை. அவ்வெல்லை நீரின் வெப்பநிலையோடு மாறும். பிறிட்டிஷ் கொலம்பியாவில் பணியாற்றிய ஜே.ஆர். பிரெட், 1964இல் நீச்சலை அளக்கும் முறையொன்றை வகுத்தார். நீரோட்டத்தின் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, மீன் களைக்கும் புள்ளி கணிக்கப்படும். உதாரணமாக, செக்கனுக்கு 60 சென்ரிமீற்றர் வேகப்படியை முடித்த மீன், 70 என்ற அடுத்த படியில் பாதி நேரத்தில் களைத்தால் அதன் அளவு 65.

நெடுங்காலமாக இத்தகைய அளவுகள் சராசரிகளாகவே வெளியிடப்பட்டன. ஒரே இனத்து மீன்களுக்கிடையிலான வேறுபாடு, அளவீட்டின் இரைச்சலாகக் கருதி ஒதுக்கப்பட்டது. ஆனால் அதே மீன்களை மீண்டும் சோதித்தபோது, முன்னர் வேகமாக நீந்தியவை பெரும்பாலும் மீண்டும் வேகமாகவே நீந்தின. எனவே அவ்வேறுபாட்டை வெறும் தற்செயல் எனத் தள்ளிவிட முடியாது.

காரணத்தின் ஒரு பகுதி உடலுக்குள் இருக்கிறது. 2005இல் வெளியான ஓர் ஆய்வில், வானவில் ட்ரௌட் மீன்கள் நல்ல நீச்சல்காரர், மந்த நீச்சல்காரர் எனப் பிரிக்கப்பட்டு, பின்னர் ஒரே சூழலில் மாதக்கணக்கில் வளர்க்கப்பட்டன. அதன் பின்னரும் வேறுபாடு நிலைத்தது. மந்தமானவற்றின் இருதயம் உருண்டை வடிவாக இருந்தது. அது வெளித்தள்ளும் இரத்தத்தின் உச்ச அளவும் குறைவாக இருந்தது. பார்ப்பவர் முயற்சியின்மை என்று எண்ணுவது இருதயத்தின் வடிவமாகவும் இருக்கலாம்.

அத்தோடு, வேகம் மட்டும் மேன்மையின் அளவுகோல் அல்ல. வளர்ச்சி ஹோர்மோன் மரபணு சேர்க்கப்பட்டு விரைவாகப் பெருத்த கோஹோ சால்மன்கள், நீச்சலில் பின்தங்கியதை 1997இல் கனடிய ஆய்வாளர்கள் காட்டினர். ஒன்றைப் பெறுவது இன்னொன்றை இழப்பதாகலாம். மடவை இன மீன்களில் செய்த ஆய்வொன்றில் (2012), ஒக்சிசன் திறன் கூடியவை கூட்டத்தின் முன்னே நீந்தின. பின்னே வந்தவை குறைந்த வாலசைவுடனேயே சமவேகத்தில் சென்றன. மந்த நீச்சல்காரரும் கூட்டத்தோடு போய்ச்சேர வழியுண்டு.

இனித் தடுப்பணைக்கு வருவோம். ஒன்ராறியோ ஏரியில் ஒருகாலத்தில் மலிந்திருந்த அத்திலாந்திக் சால்மன் பாய்ச்சலுக்குப் பெயர்பெற்ற இனம். ஆயினும் ஆலைகளுக்காகக் கட்டிய அணைகள், காடழிப்பு, மிகை மீன்பிடி ஆகியவற்றால் 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் அது இவ்வேரியிலிருந்து அற்றுப்போயிற்று. இன்று ஹம்பரில் நாம் பெரும்பாலும் காண்பது பசுபிக் கரையிலிருந்து மனிதர் கொண்டுவந்துவிட்ட சினூக் சால்மனை. எவ்வளவு வலிய தனிமீனாலும் அணைகளின் தொடரை வெல்ல முடியவில்லை.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்துக் கேட்க வேண்டும். எந்த மீன் தாண்டுகிறது என்பது உடற்றொழிலியலின் கேள்வி. அணை ஏன் அந்த உயரத்தில் இருக்கிறது என்பது மனிதரை நோக்கிய கேள்வி. சராசரி மீனுக்கென அமைத்த மீன்வழி, சராசரிக்குக் கீழேயுள்ள மீன்களை வெளியே நிறுத்திவிடும். நமது சமூகத்தில் முதற் கேள்வியை ஓயாது கேட்கிறோம். சிலரின் பாய்ச்சலை மேடையேற்றிப் பாராட்டுகிறோம். இரண்டாவது கேள்வியை விவாதிப்பதற்கு இதுபோன்ற பக்கங்களாவது இடம் தரவேண்டும்.