இணையத்தின் நினைவுச் சீட்டு

நுழையும்முன்

இணையத்தளம் ஒன்றைத் திறந்தவுடன் திரையின் அடிப்பகுதியில் ஓர் அறிவிப்புத் தோன்றுகிறது. குக்கீகளை ஏற்கிறீர்களா என்று அது வினவுகிறது. அதனைப் படித்து முடிப்பதற்குள் விரல் ‘ஏற்கிறேன்’ என்னும் சொல்லைத் தொட்டுவிடுகிறது. எதற்கு இசைந்தோம் என்பதை அறியாமலே தரப்படும் இசைவு அது. அச்சொல்லுக்குப் பின்னுள்ள தொழில்நுட்பத்தையும் அதனைக் கட்டுப்படுத்தும் வழிகளையும் இப்பாடம் விளக்குகிறது.

மறதி இயல்புடைய நெறிமுறை

உலாவிக்கும் இணையத்தளத்தின் சேவையகத்துக்கும் இடையே தகவல் பரிமாறப்படும் முறை எச்.டி.டி.பி. எனப்படும். இந்நெறிமுறைக்கு நினைவாற்றல் இல்லை. உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கிறது. சேவையகம் அதனைத் தருகிறது. அத்துடன் அவ்வுறவு முடிந்துவிடுகிறது. அடுத்த நொடியே அதே உலாவி மற்றொரு பக்கத்தைக் கேட்டாலும், முன்பு வந்தவரே இவர் என்பதைச் சேவையகம் அறியாது.

தகவல்களைப் படிப்பதற்கு மட்டும் இணையம் பயன்பட்டவரை இது பெருங்குறையாகத் தோன்றவில்லை. வணிகம் இணையத்துக்குள் நுழைந்தபோது இடர்ப்பாடு எழுந்தது. ஒருவர் நூல் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கூடையில் இட்டபின் அடுத்த பக்கத்துக்குச் சென்றால், அந்தக் கூடை யாருடையது என்பதை எவ்வாறு அறிவது?

1994ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் பொறியாளர் லூ மான்டுல்லி இதற்குத் தீர்வு கண்டார். சேவையகம் ஒரு சிறு குறிப்பை உலாவியிடம் கொடுத்து வைக்கும். உலாவி ஒவ்வொரு முறை வரும்போதும் அக்குறிப்பைத் திரும்பக் காட்டும். நிரலாளர்களிடையே முன்பே வழங்கிய ‘மேஜிக் குக்கீ’ என்னும் சொல்லிலிருந்து அக்குறிப்புக்குக் குக்கீ என்னும் பெயர் வந்தது.

வில்லையும் பையும்

நூலக வாயிலில் பையை ஒப்படைத்தால் எண் பொறித்த வில்லை ஒன்றைத் தருவர். வில்லையில் இருப்பது எண் மட்டுமே. பை உள்ளே அடுக்கில் இருக்கிறது. குக்கீயும் பெரும்பாலும் அத்தகையதே. அதில் ஓர் அடையாள எண்ணும், அது எந்தத் தளத்துக்கு உரியது, எதுவரை செல்லும் என்னும் விவரங்களும் இருக்கும். பயனரைப் பற்றிய தகவல்களோ சேவையகத்தில் சேமிக்கப்பட்டிருக்கும்.

ஒரு குக்கீயின் அளவு ஏறத்தாழ 4,096 பைட்டுகளுக்குள் அடங்கும். அது வெறும் எழுத்துத் தொடரே. இயங்கும் நிரல் அன்று. எனவே, அது கணினியிலுள்ள படங்களையோ கோப்புகளையோ தானாகப் படிக்க இயலாது.

சில குக்கீகள் உலாவியை மூடியவுடன் அழியும். இவை அமர்வுக் குக்கீகள் ஆகும். தொடர்வண்டிப் பயணச்சீட்டை முன்பதிவு செய்யும்போது, பக்கம் பக்கமாகச் சென்றாலும் பயனரை மறவாமல் வைத்திருப்பதற்கு இவ்வகைக் குக்கீகள் உதவுகின்றன. வேறு சில, குறித்த நாள்வரை நிலைத்திருக்கும். ஒருமுறை தமிழைத் தேர்ந்தெடுத்த பயனருக்கு மறுமுறையும் தமிழிலேயே பக்கம் திறப்பது இத்தகைய நிலைக்குக்கீயால்தான்.

தன்தளமும் பிறதளமும்

ஒரு தளம் கொடுத்த குக்கீயை அத்தளத்துக்கு மட்டுமே உலாவி திருப்பிக் கொடுக்கும். இவ்விதி இருக்கும்போது, ஓரிடத்தில் பார்த்த காலணியின் விளம்பரம் வேறிடத்திலும் பின்தொடர்ந்து வருவது எவ்வாறு?

ஒரு செய்தித் தளத்தின் பக்கம் முழுவதும் அத்தளத்திலிருந்தே வருவதில்லை. அதிலுள்ள விளம்பரப் படம் விளம்பர நிறுவனமொன்றின் சேவையகத்திலிருந்து வருகிறது. படத்தை அனுப்பும்போதே அந்நிறுவனமும் தன் குக்கீயை உலாவியில் வைத்துவிடுகிறது. அதே நிறுவனத்தின் விளம்பரம் காலணிக் கடையின் தளத்திலும் சமையல் தளத்திலும் இடம்பெற்றிருக்கலாம். அங்கெல்லாம் அதே குக்கீ அந்நிறுவனத்திடமே திரும்பிச் செல்லும்; எந்தத் தளத்திலிருந்து செல்கிறது என்பதும் உடன் தெரியவரும். நகரின் எல்லா வாயில்களிலும் ஒரே ஆள் நின்று, ஒரே வில்லையைப் பார்த்துக் குறிப்பெடுப்பதைப் போன்றது இது. இவையே பிறதளக் குக்கீகள் ஆகும்.

அந்த ஆளுக்கு முதலில் பயனரின் பெயர் தெரியாது. எனினும், ஒருவர் எந்த நோயைப் பற்றித் தேடினார், எந்தக் கல்லூரியை நாடினார், எந்த நேரத்தில் விழித்திருந்தார் என்பவை ஓர் எண்ணின்கீழ்ச் சேர்ந்துவிடுகின்றன. எங்கேனும் ஓரிடத்தில் அவ்வெண் மின்னஞ்சல் முகவரியோடு இணைந்தால், அப்பட்டியல் முழுவதும் அவருக்கு உரியதாகிவிடும். நினைவு என்பது உதவி. பலவிடத்து நினைவுகள் ஒருவரிடம் குவிவது கண்காணிப்பு.

சட்டமும் உரிமையும்

1997இல் வெளியான முதல் குக்கீத் தரநிலையே பிறதளக் குக்கீகளை இயல்பாக அனுமதிக்கலாகாது என்று கூறியது. அன்றைய முதன்மை உலாவிகள் அதனைப் பின்பற்றவில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் திருத்திய நெறியுரையின்படி, தேவைக்கு மேற்பட்ட குக்கீகளை வைப்பதற்குப் பயனரின் இசைவு கட்டாயமானது. 2018 மே 25 முதல் செயற்பாட்டுக்கு வந்த தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அவ்விதியை வலுப்படுத்தியது. முன்கூட்டியே குறியிடப்பட்ட கட்டம் இசைவாகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. இன்று காணும் அறிவிப்புகளுக்கு இச்சட்டங்களே பெருங்காரணம்.

இந்தியாவில் 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அறிவித்தது. 2023இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பதினெட்டு வயது நிறையாதவரைச் சட்டம் சிறார் எனக் கொள்கிறது. அவர்களது நடத்தையைக் கண்காணித்தலையும் அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தலையும், சில விலக்குகள் நீங்கலாக, அது தடை செய்கிறது. பதினொன்றாம் வகுப்பு மாணவருள் பெரும்பாலோர் இப்பாதுகாப்புக்கு உரியவர்கள்.

பயனர் கையில் உள்ளவை

சஃபாரி உலாவி 2020இலிருந்து பிறதளக் குக்கீகளை இயல்பாகவே தடுக்கிறது. அவற்றை நீக்கப்போவதாக அதே ஆண்டில் அறிவித்த கூகுள் நிறுவனம், 2024இல் குரோம் உலாவிக்கான அத்திட்டத்தைக் கைவிட்டது. எனவே, எந்த உலாவியைப் பயன்படுத்தினாலும் அதன் அமைப்புகளைத் தாமே சரிபார்த்துக்கொள்வது தேவையாகிறது.

முதலாவது, அறிவிப்பைப் படித்தல். ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பதோடு ‘மறுக்கிறேன்’, ‘தெரிவுசெய்க’ என்பவையும் இருக்கும். தேவையான குக்கீகளை மட்டும் ஏற்றாலும் தளம் பெரும்பாலும் குறையின்றி இயங்கும். 

இரண்டாவது, உலாவியின் அமைப்புகளில் அந்தரங்கப் பகுதிக்குச் சென்று பிறதளக் குக்கீகளைத் தடுத்தல். சேமித்த குக்கீகளை அங்கேயே அழிக்கவும் செய்யலாம். எல்லாவற்றையும் அழித்தால் கணக்குகளில் மீண்டும் கடவுச்சொல் இட்டு நுழைய நேரிடும்.

மூன்றாவது, மறைநிலைச் சாளரம். இதனை மூடியவுடன் அதில் சேர்ந்த குக்கீகள் அழியும். ஆயினும், பார்த்த தளமும் இணைய இணைப்பை வழங்குவோரும் பயனரின் வருகையை அறியவே செய்வர். 

நான்காவது, பொதுக் கணினியில் பணி முடிந்ததும் கணக்கிலிருந்து வெளியேறுதல். அமர்வுக் குக்கீ உயிருடன் இருக்கும்வரை, அடுத்து அமர்பவர் கடவுச்சொல் அறியாமலே கணக்கினுள் நுழையலாம்.

இவ்வழிகளால் எல்லாக் கண்காணிப்பும் நீங்கிவிடாது. திரையளவு, எழுத்துருக்கள் போன்ற கூறுகளைத் தொகுத்தும் ஒரு கருவியை அடையாளம் காண முடியும். திறன்பேசிச் செயலிகள் குக்கீக்கு மாறாக விளம்பர அடையாள எண்ணைப் பயன்படுத்துவதுண்டு. ஆண்ட்ராய்டு பேசியில் அதனை அமைப்புகளில் நீக்க இயலும்.

குக்கீ தன்னளவில் நல்லதும் அன்று; தீயதும் அன்று. மறதியுள்ள இணையத்துக்கு நினைவைத் தந்தது அதுவே. அந்நினைவு யாரிடம், எதற்காக, எத்தனை நாள் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை பயனருடையது. ‘ஏற்கிறேன்’ என்னும் சொல்லைத் தொடுமுன் படிப்பதற்குச் செலவிடும் சில நொடிகளே அவ்வுரிமையைக் காப்பன.

கற்பவை கற்றபின்

1. உங்கள் உலாவியில் பிறதளக் குக்கீகள் தடுக்கப்பட்டுள்ளனவா என்பதைக் கண்டறிந்து வகுப்பில் பகிர்க.

2. ‘அறியாமல் தரும் இசைவு இசைவாகுமா?’ என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.