மாம்பூவும் குயிலும், பாட்டும் படமும்

சித்தூர் மாவட்டத்தில் உள்ள ஊர் குடிபாலா. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஊர். இங்கே தமிழும் கேட்கும், தெலுங்கும் கேட்கும். யுகாதியும் உண்டு, சித்திரை வருடப் பிறப்பும் உண்டு.

இந்தப் பக்கம் மாந்தோப்புகள் அதிகம். தை, மாசி மாதங்களில் மரம் பூத்து நிற்கும். வழியில் போகிறவர்களுக்கு அந்த வாசனை போதும். தோப்புக்காரருக்கு அது போதாது. அவருக்குக் கவலை. பூ நிற்குமா? பிஞ்சு பிடிக்குமா? மேகமூட்டம் போட்டால் தத்துப்பூச்சி பெருகும். அது பூவின் சாற்றை உறிஞ்சும். பூ கொட்டிவிடும். ஒரு வருட வரவே அந்தப் பூவில்தான் இருக்கிறது.

பூ பிஞ்சாகும் நாட்களில் குயில் கூவும். கூவுவது ஆண் குயில். அது கறுப்பு நிறம். பெண் குயில் பழுப்பாக, உடம்பெல்லாம் புள்ளியாக இருக்கும். குயில் கூடு கட்டாது. காக்கையின் கூட்டில் முட்டை இட்டுவிடும். குஞ்சை வளர்ப்பது காக்கை!

இந்தக் காலம்தான் வசந்தம். தமிழில் இளவேனில் என்பார்கள். நம் முன்னோர் ஒரு வருடத்தை ஆறு பருவமாகப் பிரித்தார்கள். அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில்.

பாட்டுக்காரர்களும் ஓவியர்களும் வசந்தத்தை விடவே இல்லை. ஆனால், ஒரு பருவத்தை எப்படிப் பாடுவது? எப்படி வரைவது?

வசந்தம் என்ற ராகம்

சங்கீதத்தில் ஏழு ஸ்வரங்கள் உண்டு. ச, ரி, க, ம, ப, த, நி. இவற்றைக் கோக்கும் வழிதான் ராகம். கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிகள் அதே புள்ளிகள்தான். கோடு போகும் வழி மாறினால் கோலம் மாறுகிறது. ராகமும் அப்படித்தான். ஏறும்போது எந்த ஸ்வரம் வரலாம், இறங்கும்போது எது வரலாம் என்று ஒவ்வொரு ராகத்துக்கும் கணக்கு உண்டு.

கர்நாடக சங்கீதத்தில் வசந்தா என்று ஒரு ராகம் இருக்கிறது. வசந்த காலத்தின் பெயரையே அதற்கு வைத்தார்கள். மாலை நேரத்தில் பாடுவது வழக்கம். இதில் 'ப' கிடையாது. 'ரி' இறங்கும்போது மட்டும் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பழைய சங்கீத நூல்கள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு பறவையையோ விலங்கையோ சொல்கின்றன. மயிலின் குரல் 'ச'. குயிலின் குரல் 'ப'. வசந்தத்தின் பறவை குயில். ஆனால் வசந்தா ராகத்தில் குயிலின் 'ப' இல்லை! ராகம் குயிலைப் போலக் கூவிக் காட்ட வரவில்லை. அந்தக் காலத்தில் மனம் எப்படி இருக்கும் என்று காட்டவே அது பார்க்கிறது.

வசந்தாவில் உள்ள பாட்டுகளும் பெரும்பாலும் பருவத்தைப் பாடுவதில்லை. தியாகராஜரின் 'சீதம்ம மாயம்ம' இந்த ராகம். அது சீதையையும் ராமனையும் பெற்றோராகப் போற்றும் பாட்டு. கோபாலகிருஷ்ண பாரதியாரின் 'நடனம் ஆடினார்' என்ற பாட்டும் இதே ராகம்தான். அது சிவனின் ஆட்டத்தைச் சொல்வது. பூவும் இல்லை, குயிலும் இல்லை.

வடக்கே வழக்கம் வேறு. அங்கே பசந்த் என்றும் பஹார் என்றும் ராகங்கள் உண்டு. பஹார் என்பது பாரசீகச் சொல். அதற்கும் வசந்தம் என்றே பொருள். மற்ற நாளில் இவற்றை இரவில் பாடுவார்கள். வசந்தம் வந்துவிட்டால் எந்த நேரமும் பாடலாம். பாட்டிலும் பூவும் வண்டும் தென்றலும் நிறைந்திருக்கும்.

பறவையைப் போலவே ஒலித்துக் காட்டும் இசையும் உலகத்தில் உண்டு. இத்தாலி நாட்டில் விவால்டி என்று ஒருவர் இருந்தார். நான்கு பருவங்களுக்கும் அவர் வயலின் இசை அமைத்தார். 1725இல் அது அச்சில் வந்தது. வசந்தப் பகுதியில் வயலின்கள் பறவைகளாகக் கூவும். நடுவில் இடி இடிக்கும். ஆடு மேய்ப்பவர் தூங்குவார், அவருடைய நாய் குரைக்கும். எல்லாமே வாத்தியத்தில்தான்! நம் கச்சேரிகளில் வாசிப்பதும் அதே வயலின்தான். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன் அதை நம் சங்கீதத்துக்குப் பழக்கியவர்களில் ஒருவர் பாலுசாமி தீட்சிதர்.

பாட்டைப் படமாக்கினார்கள்

ராகத்தைக் காதால் கேட்கலாம். கண்ணால் பார்க்க முடியுமா?

ராஜஸ்தான் ஓவியர்கள் முயன்று பார்த்தார்கள். 300, 400 ஆண்டுகளுக்கு முன் ஒவ்வொரு ராகத்துக்கும் ஒரு படம் வரைந்தார்கள். அந்தப் படங்களின் தொகுப்புக்கு ராகமாலை என்று பெயர். ஒரு தொகுப்பில் பெரும்பாலும் 36 படங்கள் இருக்கும். படங்கள் சிறியவை. கையில் எடுத்துப் பார்க்கலாம். அணில் முடியில் கட்டிய தூரிகையால் வரைந்தவை.

வசந்த ராகத்தின் படத்தில் கண்ணனைப் போன்ற ஒருவர் ஆடுவார். தலையில் மயில் இறகு. கையில் ஒரு குடம், அதில் பூவும் தளிரும். பக்கத்தில் பெண்கள் மத்தளம் கொட்டுவார்கள், தாளம் போடுவார்கள். சுற்றிலும் மரங்கள் பூத்திருக்கும். படத்தில் சத்தம் இல்லைதான். ஆனாலும் பார்க்கிறவருக்கு மத்தளம் கேட்பது போல இருக்கும்.

திருமலையில் செப்பேடுகள்

குடிபாலாவிலிருந்து திருமலை சில மணி நேரப் பயணம். அங்கே ஒவ்வொரு வருடமும் சைத்ர மாதப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் வசந்தோற்சவம் நடக்கிறது. உற்சவ மூர்த்திக்குப் பால், தயிர், தேன், இளநீர், மஞ்சள், சந்தனத்தால் திருமஞ்சனம் செய்கிறார்கள். ஏன் தெரியுமா? வெயிலின் சூடு தணிவதற்காக. நம் பக்கத்து வசந்தம் வெயிலோடுதானே வருகிறது!

திருமலைப் பெருமாளைப் பாடியவர் அன்னமாச்சாரியார். காலம் 1408 முதல் 1503 வரை. பாடியது தெலுங்கில். கோயில் விழாக்களைப் பற்றியும் பாடினார். 32,000 பாட்டுகள் என்று சொல்வார்கள். அவருடைய மகன் காலத்தில் பாட்டுகளைச் செப்புத் தகட்டில் வெட்டி வைத்தார்கள். தகடுகள் கோயிலில் ஒரு சிறிய அறையில் பல நூறு ஆண்டுகள் கிடந்தன. பாட்டுகள் பரவலாக அச்சில் வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான்.

தகட்டில் பாட்டு இருந்தது. இன்ன ராகம் என்ற பெயரும் இருந்தது. மெட்டு மட்டும் இல்லை. அதை எழுதி வைக்கவில்லை. பாடிய வாயோடு அது போய்விட்டது. பிறகு ராள்ளபல்லி அனந்தகிருஷ்ண சர்மா போன்ற வித்வான்கள் புதிதாக மெட்டு அமைத்தார்கள். இன்று ரேடியோவில் கேட்கும் அன்னமாச்சாரியார் பாட்டுகளின் சொல் பழையது. மெட்டு பெரும்பாலும் நம் தாத்தா காலத்தது.

துணியில் பூத்த மரம்

திருப்பதியைத் தாண்டினால் காளஹஸ்தி. 2022 முதல் இது திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. இந்த ஊரின் கலம்காரி ஓவியம் பேர் பெற்றது. கலம் என்றால் பேனா. காரி என்றால் வேலை. மூங்கில் குச்சியின் நுனியில் துணியோ கம்பளியோ சுற்றி, அதைச் சாயத்தில் தோய்த்து வரைவார்கள். 2005இல் காளஹஸ்தி கலம்காரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ராமாயணம், பாரதம், கண்ணன் கதைகள் இதில் அதிகம். பூத்துக் குலுங்கும் மரமும், கிளையில் உட்கார்ந்த பறவைகளும் அடிக்கடி வரும்.

முதலில் வெள்ளைத் துணியைக் கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் நனைப்பார்கள். பால் இருந்தால் சாயம் பரவாது. துருப்பிடித்த இரும்பை வெல்லத் தண்ணீரில் பல நாள் ஊற வைத்தால் கறுப்பு கிடைக்கும். கடுக்காய்ப் பூவிலிருந்து மஞ்சள். அவுரியிலிருந்து நீலம். நீலத்தின் மேல் மஞ்சள் ஏறினால் பச்சை. துணியில் தெரியும் இலையின் பச்சை இப்படித்தான் வருகிறது.

ஒவ்வொரு சாயத்துக்கும் துணியை அலச வேண்டும், காய வைக்க வேண்டும். அலச நல்ல தண்ணீர் வேண்டும். காய நல்ல வெயில் வேண்டும். மழை பிடித்துக்கொண்டால் வேலை நின்றுவிடும். மாசி, பங்குனியில் வெயில் ஏறும்போது வேலையும் சூடு பிடிக்கும்.