வரியில் என் பெயர், தவறு யாருடையது?

2024 புத்தாண்டு விடுமுறை முடிந்து அலுவலகம் போன முதல் நாள். பொருள் சேவை வரி 9 விழுக்காடாக உயர்ந்திருந்தது. எங்கள் மென்பொருள் அச்சிட்ட ரசீதுகளிலோ இன்னும் 8 விழுக்காடு.

மேலாளர் தம் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். வரி விகிதம் இருந்த நிரல் வரிக்குப் பக்கத்தில் என் பெயர்! வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அந்தக் கோப்பில் நான் செய்தது ஒன்றே ஒன்று: வரிகளின் தொடக்கத்தில் இருந்த இடைவெளிகளைச் சீராக்கினேன்.

மென்பொருள் எழுதுவோர் பலர் பயன்படுத்தும் 'கிட்', லினக்ஸைத் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 2005ல் உருவாக்கியது. வீட்டுக் கணக்கு நோட்டைப்போல, யார், எப்போது, எதை மாற்றினார் என்று அது பதிந்து வைக்கும். அதிலுள்ள 'பிளேம்' கட்டளை ஒவ்வொரு வரிக்கும் ஒரு பெயரைக் காட்டும். 'பிளேம்' என்றால் பழி. பார்ப்பவர்களும் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள்.

"அது கடைசியாகத் தொட்டவர் பேர்தான் தம்பி," என்றார் குழுவில் மூத்தவரான அக்கா. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, 'டிக்' என்ற செயலியைத் திறந்தார். 'கிட்' என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் 'டிக்'. கிட் வரலாற்றை டெர்மினலிலேயே புரட்டிப் பார்க்க உதவும் செயலி அது. நமக்கு வேண்டிய வேலையை ஒரு விசையில் கட்டிவிடலாம் என்பது அதன் வசதி.

அக்கா இரண்டு கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதினார். இதுதான் ஷெல் ஸ்கிரிப்ட். முதல் கட்டளை, பிளேமுடன் சிறிய 'டபிள்யூ' சேர்ந்தது: இடைவெளி மாற்றங்களைக் கணக்கில் எடுக்காது. இரண்டாவது, 'லாக்' கட்டளையுடன் பெரிய 'எல்' சேர்ந்தது: குறிப்பிட்ட வரி தொடக்கத்திலிருந்து எப்படியெல்லாம் மாறியது என்பதைக் குறிப்புகளோடு காட்டும். 'சிஎச்மோட்' கொடுத்து அந்தக் கோப்பு இயங்க அனுமதித்தார். பிறகு டிக்கின் அமைப்புக் கோப்பில் 'பைண்ட்' என்று தொடங்கும் ஒரே வரி. கோப்பின் பெயரையும் வரி எண்ணையும் டிக்கே ஸ்கிரிப்டுக்கு அனுப்பிவிடும். விசைக்குப் பெரிய 'ஒய்'யைத் தேர்ந்தெடுத்தார். "ஏன்னு கேட்கிற 'ஒய்'," என்று சிரித்தார்.

அழுத்தினோம். என் பெயர் மறைந்தது. வரி விகிதம் 7லிருந்து 8 ஆகவிருந்த நேரம், 2022 டிசம்பரில் ஒருவர் அந்த எண்ணை மாற்றியிருந்தார். கூடவே ஒரு குறிப்பு: 'தற்காலிகம்தான். அடுத்த உயர்வுக்குள் எண்ணை அமைப்புப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும்.' எழுதியவர் வேலையைவிட்டுப் போய்விட்டார். குறிப்பை யாரும் படிக்கவில்லை.

மேலாளரிடம் காட்டினோம். படித்துவிட்டு, "இது நம் எல்லோருடைய தவறு," என்றார். அன்றே எண்ணை அமைப்புப் பக்கத்துக்கு மாற்றினோம். இடைவெளி சீராக்கிய என் பதிவைப் புறக்கணிப்புப் பட்டியலிலும் சேர்த்தோம். 2019ல் வந்த கிட் 2.23 முதல் அந்த வசதி உண்டு. பட்டியலில் உள்ள பதிவுகளை பிளேம் தாண்டிப் போய்விடும்.

இப்போது எங்கள் குழுவில் புதிதாகச் சேரும் இளையர்களுக்கு அந்தச் சிறிய ஸ்கிரிப்டை முதல் நாளே கொடுத்துவிடுகிறேன். பதிவு செய்யும்போது காரணத்தையும் இரண்டு வரி எழுதச் சொல்கிறேன். அது இல்லையென்றால் 'ஒய்'யை அழுத்தினாலும் பதில் வராது.